பனைக்குப் பெரிய எழுத்து எதற்கு? மேற்படிப்பு விண்ணப்பமும் யாழ்ப்பாணத்து ஆங்கிலமும்

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஒரு பின்னேரம் ஒரு பிள்ளை வந்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்தவள். கனடாவில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆயத்தம். கையில் இரண்டு பக்க நோக்க உரை. எஸ்.ஓ.பி. என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்: நான் யார், எதைப் படிக்க விரும்புகிறேன், ஏன் உங்களிடம் வருகிறேன் என்று தெரிவுக்குழுவுக்கு எழுதும் கட்டுரை. வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் முதற் பந்தியைப் பார்த்ததும் கண் கூசியது. ஆராய்ச்சிக்குப் பெரிய எழுத்து, பேராசிரியருக்குப் பெரிய எழுத்து, பட்டம், கிணறு, விவசாயி, பனை என்று கண்ட பெயர்ச்சொல்லுக்கெல்லாம் முதலெழுத்து நிமிர்ந்து நின்றது. ஏழு வரியில் 31 எண்ணினேன். 'என் அம்மா' மட்டும் சின்ன எழுத்தில் இருந்தார்.

"ஏன் பிள்ளை இவ்வளவு கப்பிற்றல்?"

"சின்னனாய்ப் போட்டால் மரியாதை இல்லாத மாதிரி இருக்காதோ, சேர்?"

"அப்ப அம்மாவுக்கு?"

"அம்மா வீட்டு ஆள்தானே."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தபோது, அவள் கவனக்குறைவாக எழுதவில்லை என்று பட்டது. ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றித்தான் எழுதியிருக்கிறாள். அந்த விதி தமிழின் விதி. 'அவர்', 'அவர்கள்', 'ஐயா' என்று ஆளுக்கேற்ப மொழியை உயர்த்திப் பழகிய கை, ஆங்கிலத்தில் உயர்த்துவதற்கு வேறு கருவி கிடைக்காமல் பெரிய எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளை வருடாவருடம் வாசித்துத் திருத்திவரும் எனக்கு, இந்த ஒரு பிழை எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்குப் பொருட்படுத்த வேண்டும் என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்துப் பெரிய எழுத்து விதி ஆதியிலிருந்து வந்த வேதவாக்கு இல்லை. ரோமானியக் கல்வெட்டுகளில் இருந்தவை பெரிய எழுத்துகள் மட்டுமே. விரைவாகக் கையால் எழுதுவதற்கென்று சின்ன எழுத்து வளர்ந்து, சார்லமேன் மன்னன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டி, ஒழுங்கான வடிவம் பெற்றது. பிறகு இரண்டும் ஒரே பக்கத்தில் குடியிருக்கத் தொடங்கின. அச்சு வந்தபோது பெரிய எழுத்துகளை மேற்பெட்டியிலும் சின்ன எழுத்துகளைக் கீழ்ப்பெட்டியிலும் போட்டுவைத்தார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு இன்றும் வழங்கும் பெயர் அந்தப் பெட்டிகளின் பெயர்தான். பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயரே முக்கியமென்று தோன்றிய பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போட்டார்கள். 1776ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் பார்த்தால் எங்கள் பிள்ளை எழுதிய மாதிரியேதான் இருக்கும். பிறகுதான் ஆங்கிலம் அதைக் கைவிட்டது. ஜேர்மன் மொழி கைவிடவில்லை. அங்கே இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். டேனிஷ் மொழியிலும் அப்படித்தான் இருந்தது, 1948இல் விட்டார்கள். டென்மார்க்கிலும் ஜேர்மனியிலும் சொந்தக்காரப் பிள்ளைகள் இருப்பவர்கள், அவர்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் வாழ்த்து மடல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். நல்ல வேடிக்கை.

இலத்தீன், கிரேக்கம், சிரிலிக், ஆர்மேனியம் என்று சில வரிவடிவங்களில்தான் இந்த இரட்டை எழுத்து வழக்கு வேரூன்றியிருக்கிறது. தமிழில் இல்லை, சிங்களத்தில் இல்லை, அரபியில் இல்லை. நமக்கு அது தேவைப்படவும் இல்லை. 'மலர் வந்தாள்' என்றால் அது பெண். 'மலர் உதிர்ந்தது' என்றால் அது பூ. பெயரா பொருளா என்பதை எங்கள் வினைமுற்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்து வினைச்சொல்லில் திணையும் இல்லை, பாலும் இல்லை. அந்த வேலையின் ஒரு பகுதியை அங்கே முதலெழுத்துச் செய்கிறது. ஆனையிறவை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போட்டால் அது உப்பளமும் இராணுவ முகாமும் இருந்த இடம். சின்ன எழுத்தில் எழுதினால் யானைகள் கடந்துபோகும் ஏதோ ஒரு கணவாய்.

தமிழனின் விரலுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் இங்கே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருதான் ராசா. அதில் எஃப் விசையைத் தட்டினால் 'க' விழும். ஷிஃப்டோடு தட்டினால் 'கு'. ஜே தட்டினால் 'த', ஷிஃப்டோடு 'து'. கே தட்டினால் 'ம', ஷிஃப்டோடு 'மு'. அதாவது பாமினியில் பழகிய கைக்கு ஷிஃப்ட் என்றால் உகரம். ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டுகிற இந்தத் தலைமுறைக்கோ பெரிய 'என்' என்றால் ணகரம், பெரிய 'எல்' என்றால் ளகரம். எப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு ஷிஃப்ட் என்பது ஒலியை மாற்றும் விசை. ஒலி எதையும் மாற்றாமல், சத்தமே இல்லாமல், ஒரு சொல்லை 'இது பேர்' என்று காட்டுவதற்காக மட்டும் அதை அழுத்துவது தனியாகப் பழக வேண்டிய காரியம்.

ஆனால் உண்மையான மூலம் பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும்போது பெயர்ச்சொல்லைப் 'பொதுப் பெயர்', 'சிறப்புப் பெயர்' என்று பிரித்து, சிறப்புப் பெயருக்குப் பெரிய எழுத்துப் போடு என்று சொல்லிக்கொடுக்கிறோம். அதே மாணவர் அடுத்த பாடவேளையில் தமிழ் இலக்கணம் படிக்கிறார். அங்கே நன்னூல் வழியில் 'மரம்' இடுகுறிப் பொதுப்பெயர். 'பனை' இடுகுறிச் சிறப்புப் பெயர். 'பறவை' காரணப் பொதுப்பெயர். 'மரங்கொத்தி' காரணச் சிறப்புப் பெயர். இரண்டு பாடத்தையும் ஒழுங்காகப் படித்த கெட்டிக்காரப் பிள்ளை என்ன செய்யும்? பனைக்குப் பெரிய எழுத்துப் போடும். மரங்கொத்திக்கும் போடும். விதியை மறந்ததால் வந்த பிழை இல்லை இது. இரண்டு விதியையும் நினைவில் வைத்திருந்ததால் வந்த பிழை.

நன்னூலின் சிறப்புப் பெயர் ஒரு வகைக்குள் இன்னொரு சிறிய வகையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தார் பெரிய எழுத்துக் கொடுப்பது ஒரு தனி ஆளுக்கோ இடத்துக்கோ அமைப்புக்கோ வைத்த பேருக்கு. இரண்டும் ஒன்றில்லை. தொல்காப்பியத்தில் இதற்கு நெருங்கிய சொல் இருக்கிறது: இயற்பெயர். பட்டம், தொழில், கல்வி முதலியவற்றால் வரும் சிறப்புப் பெயர் முன்னே வரவேண்டும், இயற்பெயர் பின்னே வரவேண்டும் என்று கிளவியாக்கத்தில் விதியும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து விதியில் பிள்ளைகளை அதிகம் குழப்பும் இடமும் சரியாக இதுதான். 'பேராசிரியர்' என்ற சொல் ஒருவருடைய பேருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து. 'என்னுடைய பேராசிரியர் சொன்னார்' என்று தனித்து வந்தால், அவர் எவ்வளவு பெரியவரானாலும், சின்ன எழுத்து. தொல்காப்பியரின் அடுக்கு முறையைக் காட்டி இதை விளக்கினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

இதற்கு மேலே அலுவலக ஆங்கிலத்தின் பழக்கம் வேறு. வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிய 1823 முதல் யாழ்ப்பாணத்தார் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் உத்தியோக மொழியாகத்தான் கற்றோம். கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராக இருந்த தாத்தாமார் எழுதிய கடிதங்களில் 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்ற வாசகமும், ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பெரிய எழுத்தும் இருக்கும். அந்த மனுநடை இன்றைக்கும் பிரதேச செயலகத்துக் கடிதங்களில் உயிரோடு இருக்கிறது. படிவம் என்றால் 'பெரிய எழுத்தில் நிரப்புக' என்ற கட்டளை. கடவுச்சீட்டில் பேர் முழுக்கப் பெரிய எழுத்து; அடியிலுள்ள இயந்திர வரிகள் சின்ன எழுத்தை ஏற்பதே இல்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் கேட்டலுக்கும் வாசிப்புக்கும் விடைகளை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதலாம் என்று அனுமதி உண்டு. ரியூட்டரிகள் அதைச் சும்மா விடுவார்களா? பெரிய எழுத்து விடுபட்டதென்று புள்ளி போகாமல் இருக்க எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதப் பழக்கிவிடுகிறார்கள். பரீட்சைக்கு அது நல்ல தந்திரம். அதே கை அடுத்த மாதம் நோக்க உரை எழுத உட்காரும்போது, எது பெரிது எது சின்னது என்ற உணர்வே மரத்துப்போயிருக்கிறது. தன் பேரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுப் பெரிய எழுத்தில் கட்டுரைக்குள் ஒட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். வாசிப்பவருக்கு அது யாரோ சத்தம் போட்டுக் கூப்பிடுவதுபோல இருக்கும்.

இனி விதிக்கு வருவோம். அடிப்படை ஒன்றுதான்: பேருக்குப் பெரிய எழுத்து, வகைக்குச் சின்ன எழுத்து. சொல்ல எளிது. விண்ணப்பக் கட்டுரையில் அது எங்கே எங்கே இடறுகிறது என்றால், முதலில் பட்டத்தில். சான்றிதழில் அச்சிட்டிருக்கும் முழுப் பேரையும் அப்படியே எழுதினால் பெரிய எழுத்து. 'இளநிலைப் பட்டம் பெற்றேன்' என்று பொதுவாகச் சொன்னால் சின்ன எழுத்து. 'பௌதிகவியல் படித்தேன்' என்றால் பௌதிகவியலுக்குச் சின்ன எழுத்து. 'பௌதிகவியல் துறை' என்று நிறுவனத்தின் பேராக வந்தால் பெரிய எழுத்து. படித்தது தமிழோ ஆங்கிலமோ என்றால் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து, ஏனென்றால் மொழியின் பேர் பேர்தான். எங்களுடைய 'பீடம்' என்ற சொல் இன்னும் வில்லங்கமானது. இலங்கையில் அது கட்டடமும் நிருவாகமும் சேர்ந்த ஒரு பிரிவு. அறிவியல்நகரில் இருக்கும் பொறியியற் பீடம் போல. அதற்கான ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில், தனியாக, ஓர் அமெரிக்கர் வாசித்தால் அது விரிவுரையாளர்களைக் குறிக்கும். 'நான் பீடத்தில் ஐந்து வருடம் இருந்தேன்' என்று எழுதியவரை அவர்கள் ஆசிரியர் என்று நினைத்தாலும் நினைப்பார்கள்.

அடுத்தது இடம். யாழ்ப்பாணக் குடாநாடு என்று சேர்த்து எழுதினால் இரண்டுக்கும் பெரிய எழுத்து. பிறகு 'குடாநாட்டில்' என்று சுருக்கும்போது சின்ன எழுத்து. வட மாகாணம் நிருவாகப் பேர், ஆகவே பெரியது. 'கிணற்றுக்கு வடக்கே' திசை, ஆகவே சின்னது. யாழ்ப்பாணப் பொது நூலகம் பேர். 1981இல் எரிக்கப்பட்டபோது அதில் 97,000 அளவில் நூல்கள் இருந்தன என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் 'அந்த நூலகம்' என்று தொடர்ந்தால் சின்ன எழுத்தே போதும். எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் மனம் ஒப்புவதில்லை. எரிந்த நூலகத்தைச் சின்ன எழுத்தில் எழுதுவதா என்று கேட்ட ஒரு பொடியனுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வரலாற்று நிகழ்ச்சிகளில் இது இன்னும் நுட்பமாகிறது. 1983இன் கறுப்பு யூலைக்கு இரண்டு சொல்லிலும் பெரிய எழுத்து வேண்டும், ஏனென்றால் அது ஒரு நிகழ்ச்சிக்கு உலகம் வைத்துவிட்ட பேர். சின்ன எழுத்தில் கறுப்பென்று எழுதினால் யூலை மாதத்துக்கு ஏதோ நிறம் பூசிய மாதிரி ஆகிவிடும். எழுபதுகளின் தரப்படுத்தல் ஒரு கொள்கையின் பொதுப்பெயர், சின்ன எழுத்து. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனதே, அதை ஆங்கிலத்தில் 'எக்ஸொடஸ்' என்று எழுதுவது வழக்கம். அதற்குப் பெரிய எழுத்துப் போட்டால் வாசிப்பவர் மனத்தில் முதலில் வருவது விவிலியத்தின் இரண்டாம் நூல், யாத்திராகமம். சின்ன எழுத்தில் எழுதி, பக்கத்தில் நாளையும் இடத்தையும் கொடுத்தால் எங்களுடைய நடை எங்களுடையதாக இருக்கும். பெரிய எழுத்துத் தராத கனத்தை அந்தத் திகதி தரும்.

விஞ்ஞானப் பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்து வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை, பொருளே மாறிவிடும். சீ பெரிதாகவும் ஓ சின்னதாகவும் இருந்தால் கோபாற்று; இரண்டும் பெரிதாக இருந்தால் காபனோரொட்சைட்டு. நியூற்றன் என்ற அலகை முழுச்சொல்லாக எழுதினால், அது ஒரு மனிதரின் பேரிலிருந்து வந்ததாயினும், சின்ன எழுத்து. குறியீடாக எழுதினால் பெரிய எழுத்து. கிலோவாற்றின் குறியீட்டில் முதலெழுத்துச் சின்னது, இரண்டாவது பெரியது. பைதன் என்ற மொழியில் நிரல் எழுதினேன் என்பவர் சின்ன எழுத்துப் போட்டால் மலைப்பாம்பில் எழுதியவர் ஆவார். என்னிடம் வந்த பிள்ளையின் கட்டுரையையே எடுங்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் தங்கியிருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில். மயோசீன் புவியியற் காலத்தின் பேர், பெரிய எழுத்து. சுண்ணாம்புக்கல் சின்ன எழுத்து. அந்தக் கல் கரைந்து குகைகளும் வெடிப்புகளுமாக ஆன நிலத்தோற்றத்தைக் 'காஸ்ற்' என்பார்கள். அது சுலோவேனியா–இத்தாலி எல்லையில் உள்ள ஒரு மேட்டுநிலத்தின் பேரிலிருந்து வந்த சொல்லென்றாலும் இப்போது பொதுச்சொல்லாகிவிட்டது, சின்ன எழுத்து. நைத்திரேற்று சின்னது, சுன்னாகம் பெரியது. பனையின் இலத்தீன் பேரான பொராசஸ் பிளபெலிபரில் பேரினத்துக்குப் பெரிய எழுத்து, இனத்துக்குச் சின்ன எழுத்து, இரண்டும் சாய்வாக. ஆங்கிலத்தில் வெறுமனே பனை என்று எழுதும்போது 'பால்மைரா' என்பதற்குப் பெரிய எழுத்துப் போட்டால் அது சிரியாவின் பாலைவனத்தில் இருக்கும் பழைய நகரம். இதைச் சொன்னபோதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. "அப்ப நான் சிரியாவில கள்ளு இறக்கியிருக்கிறன், சேர்" என்றாள்.

இவ்வளவும் ஒத்த கருத்துள்ள இடங்கள். ஒத்துவராத இடங்களும் உண்டு. 'இணையம்' என்பதற்கு நீண்ட காலம் பெரிய எழுத்துப் போட்டுவந்த அசோசியேற்றட் பிரஸ் 2016இல் அதைச் சின்னதாக்கியது. கறுப்பின மக்களைக் குறிக்கும் சொல்லை அதே நிறுவனம் 2020 யூனில் பெரியதாக்கியது. இரண்டு திருத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தத்துவம் தெரியும்: இணையம் மின்சாரம்போலப் பொதுப்பொருள் ஆகிவிட்டது, ஒரு மக்கள் கூட்டத்தின் பேர் வெறும் நிறச்சொல்லாக இருப்பதிலிருந்து விலகியது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சிக்காகோ நடைக்கையேடு பொதுவாகப் பெரிய எழுத்தைக் குறைக்கும் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும்போது 'பல்கலைக்கழகம்' என்ற தனிச்சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போட்டுக்கொள்வதுண்டு. அது வீட்டுக்காரர் தங்கள் வீட்டில் செய்வது. விண்ணப்பிப்பவர் இணையத்தளத்தைப் பார்த்து அதை நகலெடுக்க வேண்டியதில்லை; எடுத்தாலும் குற்றமில்லை, இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்தால் சரி. தலைப்புகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்தா, முதற் சொல்லுக்கு மட்டுமா என்ற சண்டைக்கும் இதே தீர்வு.

ஆங்கிலத்து 'நான்' பற்றி ஒரு வார்த்தை. தன்னைப் பெரிய எழுத்தில் எழுதும் மொழி அது என்று எங்களில் சிலர் கேலி செய்வார்கள். தனி எழுத்தாகச் சுருங்கிய சின்ன வடிவம் கையெழுத்துப் படிகளில் கண்ணில் படாமல் போனதால் நீட்டி எழுதினார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அகந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கைப்பேசியில் தட்டிப் பழகிய பிள்ளைகள் அதைச் சின்னதாக விட்டுவிடுகிறார்கள். பேராசிரியரைப் பெரிதாக்கி, தன்னைச் சின்னதாக்கி எழுதிய ஒரு கட்டுரையை வாசித்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. அடக்கம் நல்லதுதான், இலக்கணத்தில் வேண்டாம்.

சரி, இதனால் இடம் கிடைக்காமல் போகுமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பெரிய எழுத்துக்காக நல்ல ஆய்வுத் திட்டத்தை ஒதுக்குகிறவர் இருந்தால் அவரிடம் படிக்காமல் இருப்பதே மேல். ஆனால் ஏழு வரியில் 31 என்பது வேறு கதை. வாசிப்பவர் கண் ஒவ்வொரு பெரிய எழுத்திலும் ஒரு பேரை எதிர்பார்த்துத் தடுக்கி விழுகிறது. மூன்றாவது தடுக்கலில் கருத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதோடு, ஆராய்ச்சி, அறிவு, கனவு, வெற்றி என்று எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்த கட்டுரை விளம்பரத் துண்டுப்பிரசுரம் மாதிரி ஒலிக்கும். அந்தச் சொற்களுக்குக் கீழே சரக்கு இல்லையோ என்ற ஐயம் வரும். கணினியின் எழுத்துப்பிழை திருத்தியை நம்பவும் முடியாது. எழுத்துக்கூட்டு சரியாக இருக்கும்வரை பெரிய எழுத்தில் நிற்கும் 'ஆராய்ச்சி' அதன் கண்ணில் படாமல் போய்விடலாம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி ஒன்று உண்டு. அனுப்புவதற்கு முந்தின நாள் கட்டுரையை அச்செடுத்து, கருத்தை வாசிக்காமல், கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் போய், பெரிய எழுத்துகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். வசனத் தொடக்கங்களை விட்டுவிடுங்கள். மிச்சம் ஒவ்வொன்றிடமும் 'நீ யாருடைய பேர்?' என்று கேளுங்கள். பதில் சொல்லாததைச் சின்னதாக்குங்கள். இரண்டு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் போதும். அந்தப் பிள்ளையின் முதற் பந்தியில் 31 இருந்த இடத்தில் கடைசியில் எட்டு மிஞ்சின. வலிகாமமும் சுன்னாகமும் மயோசீனும் அவற்றில் இருந்தன. அம்மா முன்பு இருந்தபடியே இருந்தார்.

பாடசாலையில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய எழுத்து வேண்டும் பெயரைத் தமிழில் விளக்கும்போது 'சிறப்புப் பெயர்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 'இயற்பெயர்' என்று சொல்லுங்கள். அது பிள்ளைக்குக் கடினமாக இருந்தால் 'வைத்த பேர்' என்று சொல்லுங்கள். கரும்பலகையில் மரம், பனை இரண்டையும் சின்ன எழுத்தில் எழுதி, பக்கத்தில் பனை அபிவிருத்திச் சபையின் ஆங்கிலப் பேரை எழுதிக் காட்டுங்கள்.